இரண்டு பாகமும் ஒரு சாணும்

கயிறானாலும் கம்பியானாலும் தேவைக்கு மேல் இரண்டு பாகம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டின் நம்பிக்கை. இரு கைகளையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரைக்கும் உள்ள நீளம் ஒரு பாகம். என் கணவர் தம் உழைப்புக் காலம் முழுவதும் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களைக் கரையோடு கட்டும் குழுவில் வேலை செய்தவர். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் தண்ணீரிலிருந்து மேலே எழும்பும். கட்டிய கயிறு விறைத்துக்கொண்டு வரும். தளர்த்திக் கொடுப்பதற்குக் கையிருப்பு இல்லாவிட்டால் அது அறுந்து, அருகில் நிற்பவரின் காலைக் கொண்டுபோய்விடும். அப்படிப் போன ஒரு காலை அவர் நேரில் கண்டிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டுக் கிணற்று வாளிக் கயிறு, துணி காயப்போடும் கொடி, முற்றத்து மின்குமிழுக்குப் போகும் வயர், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் குழாய் எல்லாமே இரண்டு பாகம் கூடுதல். மிச்சம் ஒழுங்கான வளையமாகச் சுருண்டு ஏதாவது ஓர் ஆணியில் தொங்கும்.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓய்வுபெற்றவள். எதையும் ஏன் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஆனாலும் அந்த இரண்டு பாகத்தை மட்டும் நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

கேட்க வைத்தது மகளுடைய வேலை. அவள் சிறு வயதிலிருந்தே கணினி விளையாட்டுகளில் ஊறியவள். படிப்பு முடிந்த வருடம், கொழும்பில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் அவளை ஒரு மாதப் பரீட்சார்த்த வேலைக்கு எடுத்தது. விற்பனைக்கு வருமுன் விளையாட்டுகளை விளையாடிப் பார்த்து, படத்தில் எங்கே பிழை தெரிகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். மாத முடிவில் அவளுடைய கண்ணை அவர்கள் நம்பினால், வீட்டிலிருந்தபடியே நிரந்தரமாக வேலை செய்யலாம். நம்பாவிட்டால் அவள் கொழும்புக்குப் போய் ஏதாவது ஒரு அலுவலகத்தில் சேர்வாள் என்று பேச்சு. மகன் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தான். கணவருக்கு மூச்சு இழுப்பு வருத்தம் கூடிக்கொண்டு வந்த காலம் அது. அவளை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதத்தின் நாட்களை மூவருமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

இந்த வேலைக்காக அவள் ஒரு பெரிய திரை வாங்கினாள். ஏறக்குறைய நாலாயிரம் புள்ளி அகலம். நொடிக்கு அறுபது தடவை படம் மாறும். இலையின் நரம்பு கூடத் தெரிந்தது. எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. எங்கள் வீடு லிங்கநகரில், முன் விறாந்தையின் யன்னலைத் திறந்தால் உள் துறைமுகம் தெரியும் இடத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடும் உப்பும் சேர்ந்து அந்த யன்னலால் வரும். முன்பு அங்கே வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டி ஒரே வருடத்தில் துருப்பிடித்து நின்றுபோனது. எனவே, திரையைத் துணியால் மூடிவைக்கலாம், காற்றை உள்ளிழுக்கும் கணினிப் பெட்டியாவது உள்ளே ஏசி அறையில் இருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். ஆனால் ஏசிக் குளிரில் ஐந்து நிமிடம் இருந்தாலே கணவருக்கு இருமல் தொடங்கிவிடும். அவர் யன்னலோரப் பிரம்புக் கதிரையில் இருந்து கப்பல்களைப் பார்ப்பவர். மகளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“பெட்டி உள்ளுக்கு இருக்கட்டும், ஸ்கிரீன் இஞ்ச இருக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொன்னார். “ஒரு வயர்தானே. நான் இழுத்துத் தாறன்.”

திரையின் பெட்டிக்குள்ளேயே ஒரு கேபிள் இருந்தது. ஒன்றரை மீற்றர்தான் இருக்கும். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆட்டுக்குட்டி கட்டுற கயிறு. அங்கால வையும்.”

நான் அதை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

அளவெடுக்கும் முறை அவருக்கென்று ஒன்று உண்டு. அளவு நாடாவை அவர் நம்ப மாட்டார். ஒரு நைலோன் நூற்கயிற்றை எடுத்து, வயர் போகப்போகும் வழியிலேயே அதை ஓட்டினார்: திரை வைக்கும் யன்னலோர மேசையிலிருந்து சுவரில் ஏறி, யன்னலுக்கு மேலாகப் போய், விறாந்தையின் நீளத்தைக் கடந்து, கதவு நிலையைச் சுற்றி, ஏசி அறைக்குள் இறங்கி, பெட்டியின் முதுகு வரை. பிறகு கைகளை இரண்டு தடவை விரித்து, இரண்டு பாகம் சேர்த்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வெட்டினார். கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

டவுனில் கணினிச் சாமான் விற்கும் அந்தக் கடைக்காரர் குடாவுக்கு அப்பால் உள்ள கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர். கயிற்றைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இது என்ன அண்ணன், மாடு கட்டவா?”

“கொம்பியூட்டர் வயருக்கு அளவு. இந்த நீளத்தில ஒண்டு தாங்கோ.”

அவர் மேசை விளிம்பில் அளந்து பார்த்தார். “பத்து மீற்றர் வருது. ஸ்கிரீன் வீட்டிலயும் பெட்டி கிண்ணியாவிலயுமா வெச்சிருக்கீங்க?”

“தூரம் ஆறரைதான். மிச்சம் கையிருப்பு.”

“வயருக்கு என்னத்துக்கு அண்ணன் கையிருப்பு?”

“தம்பி, நீங்கள் கப்பல் கட்டியிருக்கிறீங்களோ?”

“இல்ல.”

“அப்ப தாங்கோ.”

தடித்த, கறுத்த, கனமான கேபிள். மூன்றரை மீற்றர் மிச்சத்தை அவர் கதவு நிலைக்கு மேலே ஓர் ஆணியில் வளையமாகத் தொங்கவிட்டார். கப்பல் தளத்தில் இருப்பது போல அழகாகவே இருந்தது. திரையில் படம் வந்தது. மகள் கைதட்டினாள். விசைப்பலகைக்கும் மவுசுக்கும் வயர் தேவைப்படவில்லை என்பதில் அவருக்குச் சிறிய ஏமாற்றம்.

முதற் பத்து நாட்களில் அவள் பதினொரு பிழைகளை எழுதி அனுப்பினாள். அவளுக்குக் கொடுத்திருந்த விளையாட்டில் ஒரு துறைமுகப் பட்டினம் வரும். இருண்ட கடல்மேல் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைவதை அவள் கண்டாள். சில வேளை முழுத் திரையும் ஓரிரு நொடி கறுத்துப் பிறகு வந்தது. எல்லாவற்றையும் இடம், நேரம் குறித்து அனுப்பினாள். பதினோராம் நாள் காலை, அவளுடைய மேற்பார்வையாளரான பெண் தொலைபேசியில் அழைத்தார். குரல் கண்டிப்பாக இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“நீங்க சொல்ற ஏழு இடத்துல இதையே விளையாடிப் பார்க்கிற மத்த மூணு பேருக்கும் ஒண்ணுமே தெரியல்லையே. நீங்க ஒருக்கா வடிவா பார்த்துட்டு அனுப்புங்க. இப்படியே போனா மத்ததையும் நம்புறது கஷ்டம்.”

தொலைபேசியை வைத்துவிட்டு மகள் தன் கண்களைத் தேய்த்தாள். “அம்மா, எனக்குக் கண்ணில ஏதும் பிழையோ?”

நான் திரைக்குக் கிட்டப் போய் நின்றேன். சிறிது நேரத்தில் எனக்கும் தெரிந்தது: உப்புத் தூவியதுபோல நாலைந்து புள்ளிகள் மின்னி மறைந்தன. “உன்ர கண்ணில பிழையில்லை. எனக்கும் தெரியுது.”

“அப்ப ஏன் அவையளுக்குத் தெரியேல்லை?”

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். மகளுடைய எதிர்காலம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அப்படிப் பிடித்துப்போவது சரியோ தெரியாது. ஆனால் பல வருடங்களாக இடம் மாறி வைக்கப்பட்ட புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடித்த எனக்கு, காரணம் மாறி வைக்கப்பட்ட ஒரு பிழை கிடைத்திருந்தது. பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்தேன். புள்ளிகள் தோன்றும்போதெல்லாம் நேரத்தை எழுதினேன். காற்றோடு வருகிறதா, குளிர்சாதனப்பெட்டி தொடங்கும்போது வருகிறதா, மதியச் சூட்டில் கூடுகிறதா என்று இரண்டு நாட்கள் பார்த்தேன். எதற்கும் இணங்கவில்லை. அவை தம் விருப்பப்படி வந்தன.

மூன்றாம் நாள் மகளிடம் கேட்டேன்: “விளையாட்டை முழுசா மூடிப்போட்டு, வெறும் கறுப்புப் படம் ஒண்டு வைக்க ஏலுமோ?”

வைத்தாள். கறுப்பின் மேல் புள்ளிகள் மின்னின.

அது விளையாட்டின் பிழையல்ல. எங்கள் வீட்டின் பிழை. அவள் எழுதி அனுப்பியதெல்லாம் எங்கள் வீட்டைப் பற்றிய முறைப்பாடு.

அவள் திரையின் நுணுக்கத்தைப் பாதியாகக் குறைத்தாள். புள்ளிகள் மறைந்தன. மீண்டும் கூட்டினாள். திரும்பி வந்தன. அப்போதுதான் எனக்கு அலுமாரிக்கு மேல் இருந்த ஆட்டுக்குட்டிக் கயிறு நினைவுக்கு வந்தது. நோயாளியைத் தூக்குவது போலத் திரையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏசி அறைக்குள் கொண்டுபோனோம். கதவைச் சாத்தி, ஒன்றரை மீற்றர் கேபிளைக் கொழுவி, அதே கறுப்புப் படத்தை வைத்து, இரண்டு பேரும் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு புள்ளியும் வரவில்லை.

வெளியிலிருந்து கணவரின் குரல் கேட்டது. “என்ன, செத்தவீடு மாதிரிச் சத்தமில்லாமல் இருக்கிறியள்? படம் ஓடுதோ?”

“ஒண்டும் ஓடேல்லை அப்பா,” என்றாள் மகள், கண் எடுக்காமல். “அதைத்தான் பாக்கிறம்.”

அன்று பின்னேரம் நான் தேடித் தேடி வாசித்தேன். பழைய தொலைக்காட்சியில் வயர் நீண்டால் படம் மங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அப்படியல்ல. இந்தக் கேபிளில் படம் எண்களாக ஓடுகிறது. மறுமுனையில் எண்கள் சரியாகப் புரியும் வரை படம் துளியும் மங்காது. புரியாமல் போகத் தொடங்கும் இடத்தில் புள்ளி மின்னும், அல்லது திரையே கறுக்கும். எனக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஆசிரியர் வராத நாட்களில் நீண்ட மண்டபத்தில் சொல்வதெழுதுதல் நடத்திய அனுபவம். மெல்ல வாசித்தால் கடைசி வரிசைப் பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதுவார்கள். வேகத்தைக் கூட்டினால் முன் வரிசை எழுதும். பின் வரிசையில் ஒவ்வொரு சொல்லாக விட்டுப்போகும். நுணுக்கமான திரை என்பது மிக வேகமான வாசிப்பு. செப்புக் கம்பியில் அந்த வேகத்துக்கு இரண்டு மூன்று மீற்றருக்குள் நிற்பதே நிச்சயம். அதற்கு மேல் சில கேபிள்கள் தாங்கும், சில தாங்கா. எங்கள் கணினி பத்து மீற்றர் மண்டபத்தில் கத்திக்கொண்டிருந்தது.

கணவருக்கு இதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். “இஞ்சேருங்கோ, பிழை வயரின்ர நீளத்தில.”

“குறைஞ்சு போச்சோ?”

“கூடிப்போச்சு.”

“நீளத்தால கெட்ட கயிறு ஒண்டை நான் என்ர சீவியத்தில காணேல்லை.”

ஆனால் அவர் அதோடு விடவில்லை. திரையைத் திரும்பவும் விறாந்தைக்குக் கொண்டுவரச் செய்தார். சுருட்டித் தொங்கவிட்டதுதான் காரணமாயிருக்கும் என்று கூறி, வளையத்தைப் பிரித்து, பத்து மீற்றரையும் தரையில் நேராக ஓட்டினார். புள்ளிகள் மின்னின. முனைகளைத் துடைத்துக் கொழுவினார். மின்னின. அதற்குப் பிறகு கேபிளை நிதானமாகச் சுருட்டத் தொடங்கினார்.

எங்களுக்கு இருந்த வழிகள் சொற்பம். நீண்ட தூரத்துக்கென்று கண்ணாடி இழையில் ஒளியாகக் கொண்டுபோகும் கேபிள் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். அதற்குள் மாதம் முடிந்துவிடும். கணினிப் பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்தால் உப்பு தின்றுவிடும். திரையை உள்ளே கொண்டுபோவதுதான் மிச்சம்.

“நான் உள்ளுக்குப் போறன் அப்பா,” என்றாள் மகள். “கதவைத் திறந்து திறந்து வருவன்தானே.”

“ஓம் பிள்ளை,” என்றார். பிறகு, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் வேலியோரம் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்காக வெளியே போனார். செம்பரத்தைப் பூச்செடிகளைத் தின்ன வரும் மான்களை விரட்டுவது அவருடைய வழக்கமான வேலைதான். ஆனால் அன்று வெகு நேரமாக அவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை நான் தேத்தண்ணியோடு வந்தபோது அவர் விறாந்தையின் உட்சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சுவருக்கு அங்கால என்ன இருக்கு?”

“ஏசி அறை.”

“அறையில இந்த இடத்தில?”

நான் யோசித்தேன். “பெட்டி.”

“அப்ப என்னத்துக்கு யன்னலைச் சுத்தி, கதவைச் சுத்தி வாறம்?” என்றார். “சுவரில ஒரு ஓட்டை போட்டால் ஒரு பாகம் வராது.”

மேசை யன்னலோரத்தில் இருந்தாக வேண்டும் என்று அதுவரை நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். துறைமுகம் தெரியும் இடம் அதுதான் என்பதால். மேசை இந்தச் சுவருக்கு வந்தால் துறைமுகம் அவளுடைய முதுகுப் பக்கம் போய்விடும். அவளுக்குப் பக்கத்தில் இருப்பதென்றால் அவருக்கும் அப்படித்தான். நான் அதைச் சொன்னேன்.

“கப்பலை நான் காணாததோ?” என்றார்.

சுவரைத் துளைத்தார். கேபிளின் முனை நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டைப் பதித்தார். குசினி அடுப்பு வரை சீமெந்துத் தூள் பறந்தது. பிறகு நூற்கயிற்றை எடுத்தார். பெட்டியின் முதுகிலிருந்து ஓட்டைக்கு, ஓட்டையால் வெளியே, மேசைக்குப் பின்னால் மெல்ல வளைந்து, திரையின் முதுகுக்கு. அந்த ஒன்றரை மீற்றர் ஆட்டுக்குட்டிக் கயிறு ஒரு கையளவால் எட்டாமல் போனது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல இரு கைகளையும் விரித்தார். விரித்த கைகள் அப்படியே நின்றன.

“எவ்வளவு விடலாம்?” என்று மகளிடம் கேட்டார்.

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் அறியேன்.

“ஒரு சாண் அப்பா.”

“ஒரு சாணோ? மூச்சு விடவும் காணாது.”

“அது மூச்சு விடாது அப்பா.”

“இழுபட்டால்?”

“ஒருத்தரும் இழுக்கப் போறேல்லை. கப்பலும் வரப் போறேல்லை. வளைவு மடியாமல் இருக்க ஒரு சாண் காணும்.”

அவர் தம் கையைப் பார்த்தார். “என்ர சாணோ, உன்ர சாணோ?”

“உங்கட சாண்தான்,” என்றாள். அது பெரியது. அவர் பெருவிரலையும் சுண்டுவிரலையும் இயன்ற மட்டும் விரித்து அளந்து முடிச்சுப் போட்டார்.

கடைக்காரர் கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணன் பெட்டியைக் கிண்ணியாவில இருந்து எடுத்துட்டார் போல.” அளந்தார். “சரியா ரெண்டு மீற்றர்.”

“அதுக்குள்ள கையிருப்பும் இருக்கு,” என்றார் கணவர், விட்டுக்கொடுக்காமல்.

அன்றே மகள் பதினொரு பிழைகளையும் முதலிலிருந்து பார்த்தாள். ஏழு மறைந்துவிட்டன. நாலு அப்படியே நின்றன. நான் அவளுக்குச் சொன்ன ஆலோசனையை மறைக்க விரும்பவில்லை. இனி வருவதைச் சரியாக அனுப்பு, பழையதைப் பற்றிப் பேச்சு எடுக்காதே, அவர்களாக மறந்துவிடுவார்கள் என்றேன். நூலகத்தில் ஒரு தவறான அட்டையைக்கூட விட்டுவைக்காத நான்தான் இதைச் சொன்னேன். அந்த மாதம் என்னை அப்படி ஆக்கியிருந்தது.

“இல்லை அம்மா,” என்றாள். “ஏழும் எங்கட வீட்டுப் பிழை எண்டு சொல்லத்தான் வேணும். இல்லாட்டி அந்த நாலையும் ஆர் நம்புவினம்?”

ஏழையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, கேபிள் பத்து மீற்றர் நீளமாக இருந்ததையும், கறுப்புப் படம் வைத்துப் பார்த்ததையும் எழுதினாள். பிழை தன்னுடையது என்று எழுதினாள். அப்பாவுடையது என்று எழுதவில்லை. இரண்டு நாள் பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் கணவர், கேட்காமலே, யன்னலோரக் கதிரையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி அவளுக்கு அருகில் இருந்தார். அப்போதுதான் அவர் அந்த விளையாட்டைக் கூர்ந்து கவனித்தார்.

“பிள்ளை, உந்தக் கப்பல் எழும்புது, கயிறு அப்பிடியே தொங்குது. உப்பிடி நடக்காது. எழுது.”

அவள் அதையும் எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அழைத்தார். நாலு பிழைகளும் உண்மையானவை என்று கண்டிருக்கிறார்கள். தன் சொந்தச் சாமானைச் சந்தேகித்துப் பார்க்கிற ஆள்தான் தங்களுக்குத் தேவை என்று சொன்னார். மாதம் முடிந்ததும் நிரந்தர வேலைக்கான கடிதம் வரும் என்றார். மகள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். கணவர் மெல்லிய குரலில் கேட்டார்: “அந்தக் கயிறு?”

“அது பிழையில்லையாம் அப்பா. வடிவுக்காக அப்பிடித்தான் விட்டிருக்கினமாம்.”

“வடிவுக்கோ!” என்றார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பத்து மீற்றர்க் கேபிளை எறிய அவர் சம்மதிக்கவில்லை. மான்கள் உள்ளே வராதபடி வேலிப் படலையை அதனால்தான் கட்டிவைக்கிறார். படலைக்கு அது அளவாக இருக்கிறது, இரண்டு பாகம் மிச்சமும் தொங்குகிறது. துணிக்கொடிக்கும் வாளிக் கயிற்றுக்கும் எங்கள் வீட்டு நம்பிக்கை மாறவில்லை. படம் ஓடும் வயருக்கு மட்டும் ஒரு சாண் என்று திருத்தம் செய்திருக்கிறோம்.

அவருடைய கதிரை சுவர்ப் பக்கமாகவே நின்றுவிட்டது. கப்பல் ஊதினால் திரும்பிப் பாராமலே, உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று சொல்லுவார். மகள் விளையாட்டிலிருந்து கண் எடுக்காமலே “ஓம் அப்பா” என்பாள். நான் யன்னலடியில் புத்தகத்தோடு இருந்து, அவர் சொன்னது சரிதானா என்று பார்ப்பேன். வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசி எடுக்கும்போது, வீட்டில ஆர் நிக்கினம் என்று முதலில் கேட்பான். மூண்டு பேரும் நிக்கிறம் என்று சொல்லுகிறேன்.